ஐந்து மணிக்கு வரும் வலி

இடுப்பு வலிக்காக மூன்று வருடம் மார்ஃபின் சாப்பிட்டேன். அதிலிருந்து வெளியே வர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

முதுகுத்தண்டு அறுவைக்குப் பிறகும் கால்வரை இறங்கும் வலி விடவில்லை. முதலில் டிரமடால் என்ற வலி மாத்திரை கொடுத்தார்கள். அது போதாமல் போனதும் மெதுவாகக் கரையும் மார்ஃபின், காலையில் 10 மி.கி., மாலையில் 10. முதல் வாரம் சொர்க்கம். பிறகு 15 ஆனது, 30 ஆனது. ஒரு தடவைகூட நானாகக் கூட்டிக்கொண்டதில்லை, எல்லாம் சீட்டில் எழுதிக் கொடுத்ததுதான். அதனாலேயே ‘அடிமை’ என்ற சொல்லுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று இருந்தேன்.

ஒரு பயணத்தில் மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். இரண்டு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் கொட்டாவி ஆரம்பித்தது. ஓயாத கொட்டாவி. மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் கோத்தது, கையெல்லாம் புல்லரித்தது. சளி பிடித்துவிட்டது என்றே நம்பினேன். இரவில் வயிறு போக ஆரம்பித்தது. கால்களை ஓரிடத்தில் வைத்திருக்க முடியவில்லை. ஒருநாளும் வலித்திராத முழங்கால்கூட வலித்தது. வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டேன், சில மணி நேரத்தில் மூக்கு உட்பட எல்லாம் அடங்கிவிட்டது. சளிக்கு மார்ஃபின் கேட்காதே என்று அப்போதுதான் உறைத்தது.

வலி சிகிச்சை மருத்துவரிடம் அழுதுகொண்டே கேட்டேன், நான் அடிமையாகிவிட்டேனா என்று. உடல் மருந்துக்குப் பழகி, அதை எதிர்பார்த்து நிற்பது வேறு, அடிமையாவது வேறு என்றார். முதலாவது, தினமும் சில வாரங்கள் சாப்பிட்டால் யாருக்கும் வரக்கூடியது. கெடுதல் என்று தெரிந்தும் கை கேட்காமல் போவதுதான் இரண்டாவது. எனக்கு வந்திருப்பது முதலாவது என்றார். ஆனால் அதோடு விடாமல் ஒரு கேள்வி கேட்டார்: “வலி எத்தனை மணிக்கு வருகிறது?”

இரண்டு வாரம் நோட்டில் குறித்தேன். மாத்திரை நேரம் காலை ஆறு, மாலை ஆறு. வலி ஏறும் நேரம் காலை ஐந்து, மாலை ஐந்து. நடந்த நாளிலும் அப்படித்தான், படுத்தே கிடந்த நாளிலும் அப்படித்தான். இடுப்புக்கு எப்படி மணி தெரியும்? நான் வலி என்று எண்ணியதில் பாதி, உடலில் மருந்தின் அளவு இறங்கும்போது உடல் போட்ட கூச்சல். இந்த மருந்தை நீண்டநாள் எடுத்தால் சிலருக்கு நரம்புகள் வலியைக் கூடுதலாகவே உணர ஆரம்பிக்கும் என்றும் சொன்னார். 2018-ல் வெளியான ஓர் ஆய்வையும் காட்டினார். நாள்பட்ட முதுகுவலி, இடுப்பு மூட்டு, முழங்கால் வலிக்காரர்கள் 240 பேர். 12 மாதம் கழித்துப் பார்த்தால், ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை மருந்து, எடுத்தவர்களின் அன்றாட நடமாட்டம் சாதாரண வலி மாத்திரைக்காரர்களைவிட மேம்படவில்லை. எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று வருடம் எதற்கு?

திடீரென்று நிறுத்தவே கூடாது என்பது முதல் கட்டளை. மாதம் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், அல்லது அதற்கும் மெதுவாக. வேறொருவர் எழுதித் தந்த தூக்க மாத்திரையையும் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. வலி மருத்துவரின் முகம் மாறிவிட்டது. இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு தணிந்துபோகலாம். அதையும் சட்டென விடக் கூடாது என்பதால் அதற்கும் தனியாக ஒரு கணக்குப் போட்டார்.

நாளைக்கு மொத்தம் 60 மி.கி.யிலிருந்து 55, பிறகு 50. ஒவ்வொரு இறக்கத்திலும் முதல் பத்து நாள் நரகம், அப்புறம் சமநிலை. 30-ல் மூன்று மாதம் நகரவே முடியவில்லை. தோற்றுவிட்டோமோ என்று கேட்டதற்கு, நிற்கலாம், ஏறாமல் இருந்தால் போதும் என்றார். கடைசி 10 தான் மிகக் கொடுமை. 60-ல் ஐந்து குறைந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு, 10-ல் ஐந்து குறைந்தால் பாதியல்லவா! அதனால் திரவ மருந்துக்கு மாற்றி, ஊசிக்குழாயில் துளித்துளியாக அளந்து, நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் குறைத்தோம்.

இடையில் ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். 20-க்கு வந்திருந்தபோது, ஒரு மோசமான இரவில், அலமாரியில் கிடந்த பழைய 30 மி.கி. அட்டையை எடுத்துவிட்டேன். முன்பு தினமும் இரண்டு போட்டதுதானே, இன்று ஒருநாள் இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன என்ற நினைப்பு. என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் மருத்துவரைக் கூப்பிடு என்றார். அளவு குறையக் குறைய உடலின் தாங்கும் சக்தியும் இறங்கிவிடுகிறது, நேற்றுவரை சாதாரணமாக இருந்த அளவே இன்று மூச்சை நிறுத்தக்கூடும். மறுநாளே மிச்சமிருந்த அட்டைகளை மருந்தகத்தில் ஒப்படைத்தோம். மார்ஃபின் அளவு மீறி மூச்சு தணிந்தால் அதை முறிக்க, மூக்கில் அடிக்கும் நலோக்சோன் ஸ்பிரேயும் வீட்டுக்கு வந்தது. அதைப் பயன்படுத்தும் விதத்தை எனக்கு அல்ல, என் கணவருக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தேவைப்படும் நேரத்தில் எனக்கு நினைவு இருக்காதே.

மலச்சிக்கல் போனதை மட்டும் கொண்டாடினேன். மற்ற தொல்லைகள் பழகப் பழகக் குறையும், அது மட்டும் மூன்று வருடமும் கூடவே இருந்தது. இன்னொன்று எதிர்பார்க்காதது: அழுகை திரும்பி வந்தது, சிரிப்பும்தான். அதுவரை இரண்டும் இல்லை என்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இடுப்பு இன்னும் வலிக்கிறது. உடற்பயிற்சியும் நரம்பு வலிக்கான வேறொரு மாத்திரையும் தொடர்கின்றன. நெடுநேரம் உட்கார்ந்தால் வலி, கனம் தூக்கினால் வலி. மணி பார்த்து வருவதில்லை.