மணலும் தண்ணீரும்: சாயில் மெக்கானிக்ஸ் வைவாவுக்குப் போகுமுன்

பாலக்காடு, சித்தூர், மூணாறு பக்கம் சிவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் வைவாவில் கேட்கத் தோதான கேள்வி: "மணலில் தண்ணீர் சேர்ந்தால் பலம் கூடுமா, குறையுமா?" "வழுக்கும் சார், குறையும்" என்றால் மார்க் போச்சு. குவார்ட்ஸ் மணலின் உராய்வுக் கோணம் (மணிகள் வழுக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் கோணம்) காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் விசைதான் மாறுகிறது. ஆகவே எவ்வளவு தண்ணீர், அது நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கொஞ்சம் ஈரம் இருந்தால், மணிகள் தொடும் இடங்களில் நீர் பாலம்போல் ஒட்டி நிற்கும். அதன் பரப்பு இழுவிசை மணிகளைச் சேர்த்துப் பிடிக்கும். ஈர மணலில் வெட்டிய குழியின் சுவர் சிறிது நேரம் செங்குத்தாக நிற்பது இதனால்தான். இதற்குப் பெயர் தோற்ற ஒட்டுத்தன்மை. வெயிலில் காய்ந்தாலும் போய்விடும், மழையில் நிறைந்தாலும் போய்விடும். டிசைன் கணக்கில் இதை நம்பி c (ஒட்டுத்தன்மை) மதிப்பு போடாதீர்கள். பிடிக்கும் விசை மணியின் ஆரத்தைப் பொறுத்தது, எடையோ ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது. அதனால் நைசு மணலில் விளைவு பெரிதாகத் தெரியும், சரளையில் தெரியவே தெரியாது.

இதே பிடிப்புதான் லேபில் 'பல்கிங்' ஆக, அதாவது ஈர மணல் கன அளவில் உப்பித் தெரிவதாக, வருகிறது. 250 மி.லி. சிலிண்டரில் ஈர மணலைத் தளர்வாக 200 மி.லி. வரை போடுங்கள். தட்டவோ குலுக்கவோ கூடாது. தட்டினால் பொய்யான இடைவெளி அமுங்கி விடை குறைந்துவிடும். பிறகு மணல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழி போகும்படி கம்பியால் நன்றாகக் கலக்கி, படியவிட்டு அளவைப் பாருங்கள். 160 மி.லி. என்று வந்தால் பல்கிங் (200/160 − 1) × 100 = 25%. பலர் 40-ஐ 200-ஆல் வகுத்து 20% என்று எழுதுகிறார்கள். வகுக்க வேண்டியது படிந்த அளவால். எம்-சாண்டில் தூசி அதிகமானால் மேலே கலங்கலாக நிற்கும். அது தெளியும்வரை காத்திருங்கள். ஏறத்தாழ 4 முதல் 6% ஈரத்தில் பல்கிங் உச்சம் தொட்டு, நிறைந்ததும் சுழியாகும். பெட்டியால் அளந்து 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை போடும் சைட்டில் இந்த 25%-க்கு மணல் இரண்டு பெட்டி போதாது, இரண்டரை வேண்டும். மணலுக்கு ப்ராக்டர் வளைவு (ஈரம் கூடக் கூட, இடித்து இறுக்கிய மண்ணின் அடர்த்தி எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) வரைந்தால் தொடக்கத்தில் அடர்த்தி இறங்குவதற்கும் காரணம் இந்த இழுப்புதான். அந்தப் பள்ளத்தைச் சோதனைப் பிழை என்று அழித்துவிடாதீர்கள்.

நீர் முழுக்க நிறைந்தால் கதை வேறு. டெர்சாகியின் சமன்பாடு: செயல்தகைவு (மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் பங்கு) = மொத்தத் தகைவு − நுண்துளை நீரழுத்தம். சரிவுக் கணக்கு இங்கேதான் வரும், இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். உராய்வுக் கோணம் 35°, சரிவு 20°, c = 0 என்று வைப்போம். காய்ந்த மணலில் பாதுகாப்புக் காரணி (தாங்கும் விசையைத் தள்ளும் விசையால் வகுத்தது; 1-க்குக் கீழே போனால் சரியும்) tan 35° / tan 20° = 1.92. முழுக்க மூழ்கி, தண்ணீர் அசையாமல் நின்றாலும் அதே 1.92தான், ஏனென்றால் தள்ளும் எடையும் தாங்கும் எடையும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. தண்ணீர் மேற்பரப்பு வரை நிறைந்து சரிவுக்கு இணையாக ஓடினால், நீர் நிறைந்த மணலின் அலகு எடை 20 kN/m³ எனில், அதில் நீரின் 9.81-ஐக் கழித்தால் 10.19; 1.92-ஐ 10.19/20-ஆல் பெருக்க வேண்டும்: 0.98. சரிவு நிற்காது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் (வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதை உதாரணமாகக் கேட்டால், இந்தக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஆனால் மலைச்சரிவு தூய மணல் அல்ல, பாறையும் களியும் கலந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீர் நிறைந்த தளர்ந்த மணலை வேகமாகக் குலுக்கினால் அது சுருங்கப் பார்க்கும். நீர் வெளியேற நேரமில்லாததால் அழுத்தம் ஏறி, செயல்தகைவு சுழியாகி, மணல் திரவம்போல் ஓடும். ஜப்பானின் 1964 நீகாட்டா நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சாய்ந்தது இப்படி. இறுக்கமான மணல் எதிர்மாறாக விரியும். ரெனால்ட்ஸ் 1885-லேயே காட்டியது.

கீழிருந்து மேலாக நீர் பாயும் கணக்கில் சிக்கல் வரம்பு, அதாவது மணலைத் தூக்கிவிடும் நீர்ச்சரிவு, (G − 1)/(1 + e). இதில் G மணியின் ஒப்படர்த்தி, e வெற்றிட விகிதம். G = 2.65, e = 0.65 என்றால் சரியாக 1. மணல் கொதிக்கத் தொடங்கும் இடம் அது. கேள்வித்தாளில் நீரின் அலகு எடை 9.81 என்றிருந்தால் 10 போட்டு நேரத்தை மிச்சப்படுத்த முயலாதீர்கள். மேலே வந்த 0.98 போல ஒன்றுக்கு அருகே வரும் விடையை அந்தச் சின்ன வித்தியாசமே புரட்டிப் போடலாம்.