பாரிட்டோரம்

பிப்ரவரி 12, புதன்

இன்றும் ரிப்போர்ட் வரவில்லை. "ரெண்டு வாரமாவது ஆகும், மக்சிக்" என்றாள் ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண். மக்சிக்காம், மலாயில் அத்தை. எனக்கு ஐம்பத்தொன்றுதான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தலைக்குச் சாயம் பூசினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

அப்பாவின் ராலே சைக்கிளைக் கொட்டகையிலிருந்து இழுத்து வெளியே போட்டேன். பன்னிரண்டு வருடத் தூசி. சீட்டுக்கடியில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. கம்பி பிரேக், அகலமான கேரியர், முன்சக்கரத்தில் உரசி ஓடும் டைனமோ எல்லாம் அப்படியே இருக்கின்றன. சைக்கிள் கடை முதலாளி, தவ்கே, சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "விக்கிறியா?" என்றுதான் முதலில் கேட்டார். டயர், டியூப், பிரேக் கட்டை, எண்ணெய் எல்லாம் சேர்த்து 95 வெள்ளி (ரிங்கிட்).

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "சைக்கிளா? இப்பவா?" என்பார்.

பிப்ரவரி 14, வெள்ளி

"சைக்கிளா? இப்பவா?"

அப்புறம் அவரே சங்கிலியைத் துடைத்துக் கொடுத்தார். போன் கழுத்தில் தொங்க வேண்டுமாம். ஆட்டுக்கு மணி கட்டுகிற மாதிரி.

மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. குரூண் டவுன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. பாரிட்டோரம், அதாவது கால்வாய்க் கரையோரம் போனேன். நோட்டுப் புத்தகத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி தண்ணீர். ஒரு பக்கம் நெல், முதுகுக்குப் பின்னால் ஜெராய் மலை. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. மிதிக்கக்கூட வேண்டாம், சைக்கிள் தானாகப் போகிறது. சில இடத்தில் தார், சில இடத்தில் செம்மண். செம்மண்ணில் மட்டும் இடது பக்கத் தையல் இழுத்தது. நான்கு கிலோமீட்டர் போயிருப்பேன். திரும்பி வரும்போதுதான் உறைத்தது: அரை மணி நேரமாக நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. அப்படி நினைத்ததும் நினைப்பு வந்துவிட்டது.

பிப்ரவரி 15, சனி

போன் வரவில்லை. சனிக்கிழமை எப்படி வரும்.

பிப்ரவரி 17, திங்கள்

தூக்கம் இல்லை. எழுதித் தொலைக்கிறேன்.

அப்பா குடியுரிமை கேட்டு இந்தச் சைக்கிளில் தலைநகர் அலோர்ஸ்டார் போவார். தோட்டத்தில் பால்மரம் சீவியவர் வேலைக்கு மட்டம் போட்டால் அன்றைய கூலி போச்சு. அதனால் இலையுதிர் மாதத்தில், பால் சீவுவது குறைந்த நாளாகப் பார்த்துப் போவார். அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாளக் கார்டு. 1968-இல் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவன் வேலை செய்யவே பெர்மிட் எடுக்க வேண்டும் என்று ஆனபோது, பக்கத்து லயத்திலிருந்து எத்தனையோ குடும்பம் கப்பல் ஏறியது. அப்பா ஏறவில்லை. "நான் பொறந்தது இந்த மண்ணு, எந்தக் கப்பல்ல ஏறச் சொல்றே?" என்பாராம். பிறந்ததற்குத்தான் காகிதம் இல்லை. ஆயா கொட்டகையில் பிறந்தவனுக்கு யார் சூராட், பிறப்புப் பத்திரம், எழுதினார்கள்?

பஸ் காசு மிச்சம். விடியுமுன் கிளம்பி, டைனமோ வெளிச்சத்தில் பாரிட்டைப் பிடித்துக்கொண்டே போய்விடுவார். "கண்ண மூடிக்கிட்டே போலாம், வழி தப்பவே தப்பாது" என்பார். போய் பெஞ்சில் உட்கார்ந்து, நம்பர் கூப்பிட்டு, "அடுத்த மாசம் வா" என்று கேட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பி மிதிப்பார். எத்தனை தடவை என்று அம்மாவுக்கும் கணக்குத் தெரியாது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது குடியுரிமைக்கான நீலக் கார்டு வந்தது. அன்றைக்கு மட்டும் பஸ்ஸில் போனார், சைக்கிளைக் கூரை மேல் கட்டிக்கொண்டு திரும்பினார் என்று அம்மா சொல்வாள். பஸ்ஸில் போனவருக்குச் சைக்கிள் எங்கிருந்து வந்தது? அம்மா இருந்தவரை இதைக் கேட்கத் தோன்றவில்லை.

மணி மூன்று பத்து.

பிப்ரவரி 18, செவ்வாய்

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கூப்பிட்டேன். எடுத்து வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 19, புதன்

இந்தப் பாரிட்டை வெட்டியவர் கெடாவின் மந்திரி புசார் (முதலமைச்சர்) வான் முகமட் சாமான். 1885-இல் தொடங்கியது, அலோர்ஸ்டாரிலிருந்து ஜெராய் அடிவாரம் வரை சுமார் 36 கிலோமீட்டர். அதற்கு முன் இதெல்லாம் சதுப்பு. தண்ணீரை வடித்ததும் வயல் வந்தது, வயல் வந்ததும் கம்பம், அதாவது கிராமம் வந்தது, படகும் வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் ஒரு விஷயம் மட்டும் ஒரு வாரமாக என்னை விடமாட்டேன் என்கிறது. கோடு நேராக இருக்க, ராத்திரியில் வரிசையாகத் தீப்பந்தம் வைத்துப் பார்த்து வழி குறித்தார்களாம். சரி, பந்தத்தை யார் பிடித்தது? கொசு, பாம்பு, முழங்கால் சேறு. அங்கே தூரத்தில் ஒருவன் கையசைத்து "இன்னும் கொஞ்சம் இடது" என்கிற வரைக்கும் இவன் நிற்க வேண்டும். அவனுக்குக் கோடு தெரியாது. அவன் கையில் இருக்கிற நெருப்பு மட்டும்தான் தெரியும்.

நம் சங்கக் கூட்டங்களில் யார் மைக்கைப் பிடித்தாலும் கடாரம், 1025, ராஜேந்திர சோழன் என்று ஆரம்பித்து ஜெராய் மலையை ஒரு சுற்றுச் சுற்றாமல் இறங்குவதில்லை. மலைக்கு இந்தப் பக்கம் இந்தக் கரையில் சைக்கிள் மிதித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இன்றைக்கு எல்லார் மேலும் கோபம். கோடி வீட்டுக்காரர் பூனை மேலும்.

பிப்ரவரி 20, வியாழன்

அண்ணன் மகன் இங்கிலாந்திலிருந்து வீடியோ அனுப்பியிருக்கிறான். நான் சைக்கிள் ஓட்டுகிற செய்தி பாத் நகரம் வரை போய்விட்டது, இவர் வேலை. "அத்தை, இங்கயும் பாரிட் இருக்கு, பாருங்க!" கென்னட் அண்ட் ஏவன் கால்வாயாம். பாத்திலிருந்து பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் வரை கரையிலேயே சைக்கிளில் போயிருக்கிறான், சுமார் 15 கிலோமீட்டர். அந்தக் கரை குதிரைக்காகப் போட்டதாம். குதிரை கரையில் நடக்க, கயிறு கட்டிய படகு தண்ணீரில் வரும். பழைய பாலங்களின் மூலைக்கல்லில் கயிறு அறுத்த தடம் விரல் நுழையும் அளவுக்கு இருக்கிறது, காட்டினான். ஓரிடத்தில் கால்வாயே பாலத்தின் மேல் ஏறி ஆற்றைத் தாண்டுகிறது. கீழே ஆறு, மேலே படகு! 1810-இல் முழுதாகத் திறந்தார்கள், ரயில் வந்ததும் கால்வாய் படுத்துவிட்டது, 1990-இல் தூர் வாரி மறுபடி திறந்தார்கள்.

அழகுதான். ஆனால் அங்கே மடைக்கதவு மடைக்கதவாகப் படகை ஏற்றி இறக்க வேண்டுமாம், ஒரே சரிவில் 29. நம்முடையதில் அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது என்று பதில் போட்டேன். என்ன பெருமையோ.

கடைசியில், "உடம்பு எப்படி இருக்கு அத்தை?" என்றிருந்தான். அதற்குப் பதில் போடவில்லை.

பிப்ரவரி 22, சனி

சங்கிலி கழன்றது. கையெல்லாம் கிரீஸ். எட்டு வயது மலாய்ப் பையன் ஒருவன் வந்து ஒரு குச்சியால் அரை நிமிடத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டு, டைனமோவைத் தடவிப் பார்த்தான். மிதித்தால்தான் எரியும், நின்றால் அணைந்துவிடும் என்றேன். "பேட்டரி போடுங்க" என்றான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கூப்பிட்டார்கள்! ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டேன். டாக்டர்தான் சொல்வார். நல்லதா கெட்டதா? டாக்டர்தான் சொல்வார். மார்ச் 2 காலை வாருங்கள்.

அந்தப் பெண்ணின் குரலை மனதில் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். "வாருங்கள்" என்றபோது கொஞ்சம் இறங்கியதா?

பிப்ரவரி 24, திங்கள்

இறங்கியது.

பிப்ரவரி 25, செவ்வாய்

இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாள்.

பிப்ரவரி 27, வியாழன்

குவார் செம்படாக் தாண்டியும் போய்விட்டேன். அறுவடை இயந்திரம் இறங்கிய வயலில் நத்தைகுத்தி நாரைகள், நூறுக்கு மேல் இருக்கும். அலகை மூடினாலும் நடுவில் இடுக்கு தெரிகிற பறவை. நான் சிறுமியாக இருந்தபோது இவற்றைப் பார்த்த ஞாபகமே இல்லை. நத்தை பெருத்தது, இவையும் வந்துவிட்டன. வயல் நடுவே கம்பத்தின் மேல் ஆந்தைப் பெட்டி. எலி பிடிக்க ஆந்தைக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கொட்டகைக்கும் ஒன்று வேண்டும்.

கை வலிக்கவில்லை. அரிசி வாங்க மறந்தேன்.

மார்ச் 1, சனி

நாளை நோன்பு முதல் நாள். கெடாவில் பொது விடுமுறை! தேதி கொடுத்தவள் காலண்டரைப் பார்க்கவில்லையா? நானும்தான் பார்க்கவில்லை. இவர் ஒன்றும் பேசாமல் போய் வாசலைக் கூட்டுகிறார். நேற்றுத்தான் கூட்டினார்.

மார்ச் 2, ஞாயிறு

பூட்டியிருக்கும் என்று தெரிந்தே போனோம். பூட்டியிருந்தது. திரும்பும் வழியில் இருவரும் ஐஸ் காச்சாங் சாப்பிட்டோம்.

மார்ச் 3, திங்கள்

நாளை பத்தரைக்கு. இவரிடம் சொல்லிவிட்டேன்: கோத்தா சாராங் செமுட் வரை சைக்கிளில் வருகிறேன், அங்கிருந்து காடியில், அதான் நம் காரில், ஏறிக்கொள்கிறேன். எறும்புப் புற்றுக் கோட்டை என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தவனைப் பார்க்க வேண்டும். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "சைக்கிள காடியில ஏத்த கயிறு இருக்கா?" என்றார்.

கயிறு இருக்கிறது. அப்பாவுடையது, கேரியரில் சுற்றியபடியே.

மார்ச் 4, செவ்வாய்

ஐந்தரைக்குக் கிளம்பினேன். டைனமோ சக்கரத்தில் படும்போது வண்டு மாதிரி இரைகிறது, அதைத்தான் மறந்திருந்தேன். வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகவில்லை. பக்கத்தில் தண்ணீர் இருப்பது வாசனையில்தான் தெரிந்தது. ஒருதரம் நின்று பார்த்தேன், குப்பென்று இருட்டு. உடனே மிதித்துவிட்டேன்.

இப்போது மணி 7.35, விடிந்துவிட்டது. நோன்பு என்பதால் வழியில் ஒட்டுக்கடை எதுவும் திறக்கவில்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து போத்தல் வெந்நீரைக் குடித்துக்கொண்டே போனில் தட்டுகிறேன். இவர் அதற்குள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். சாராங் செமுட்டில் காடியை நிழலாகப் பார்த்துப் போட்டிருக்கிறாராம். ஒன்றும் அவசரமில்லை, மெதுவா வா என்கிறார்.