பால்மரக் கத்திக்கு ஒரு பொட்டு

மலேசியாவின் ஈப்போவில் இறங்கி, அங்கே புந்தோங்கில் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சுங்கை சிப்புட் அங்கிருந்து வடக்கே 30 கிலோமீட்டர்தான். வழியெல்லாம் சுண்ணாம்பு மலைகள், செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை, விடாத மழை. சின்னம்மா மகன் குடையோடு நின்றிருந்தான். "பொரி வாங்கிட்டு வந்தியாக்கா?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. மறுநாள் சரஸ்வதி பூஜை.

புரட்டாசி என்றால் எங்களுக்கு மழைதான். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டிய கோட்டில் நிற்காது, மரத்தோடு வழிந்து வீணாகும். அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அப்படிக் கை இறுக்கமான மாதத்தில்தான் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு நவராத்திரி வந்தது. படி கட்டிக் கொலு வைத்த வீடு அங்கே ஒன்றுகூட இல்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில்தான் ஒன்பது இரவும். முதல் மூன்று நாள் அம்மன் துர்க்கையாக இருப்பாள், அடுத்த மூன்று நாள் லட்சுமி, கடைசி மூன்று நாள் சரஸ்வதி. பூஜை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை சுண்டல். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று கடலை ஊற வைப்பார்களாம்.

இப்போது சின்னம்மா டவுன் பக்கம் ஒரு தாமானில், அதாவது வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறார். காலையிலேயே கூடத்தில் வாழையிலை விரித்தாயிற்று. தம்பியின் லாரிச் சாவி, குலை வெட்டும் அரிவாள், அண்ணி தைக்கும் கத்தரிக்கோல், பிள்ளைகளின் புத்தகங்கள், என் மடிக்கணினி எல்லாம் வரிசையாக ஏறின. கடைசியாகச் சின்னம்மா அலமாரியிலிருந்து ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து வந்தார். அதற்குள் துணியில் சுற்றிய பாட்டியின் கத்தி.

கையில் வாங்கிப் பார்த்தேன். நுனி மட்டும் மடங்கிக் குழிந்திருக்கும், அதுதான் பட்டையைச் சீவும் இடம். தீட்டித் தீட்டி இரும்பு பாதியாகத் தேய்ந்திருந்தது. பிடியில் பால் காய்ந்து கறுத்து, கட்டைவிரல் பதியும் இடத்தில் ஒரு பள்ளம். சின்னம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார், சந்தனம் வைத்தார், அதன் மேல் குங்குமம். அந்தத் தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"வெட்ட மரமே இல்லையே சின்னம்மா?"

"என் காலுக்கு மொத சப்பாத்து வாங்கிக் குடுத்தது இதான்மா."

மகிஷாசுரனை வென்ற அம்மனின் ஆயுதங்களுக்குச் செய்யும் பூஜை என்பார்கள். அஞ்ஞாத வாசம் போகுமுன் பாண்டவர்கள் வன்னி மரத்தில் ஒளித்து வைத்து, பின்பு எடுத்துக்கொண்ட ஆயுதங்களின் கதையையும் சொல்வார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு ஒருவரும் கருவியைத் தொடக்கூடாது என்ற அந்த ஒரு விதிதான் இந்தப் பண்டிகையின் உயிர் என்று நினைக்கிறேன். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடிய ஜனங்களின் கத்திக்கும் ஒரு நாள் ஓய்வு, அதுவும் இலைமேல், பூவோடு. மாலையில் கோயில் வாசலில் லாரிகள் நின்றன. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, சாம்பல் பூசணி உடைபட, பிள்ளைகள் சில்லறை பொறுக்க ஓடினார்கள்.

மறுநாள் விஜயதசமி. வைத்ததை எடுத்துக் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும். மூன்று வயதுப் பேத்தியை மடியில் வைத்து, தட்டில் பரப்பிய பச்சரிசியில் 'அ' எழுத வைத்தார் சின்னம்மா. இந்த ஊரில் அதைப் பார்ப்பது எனக்குத் தனி சந்தோஷம். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் உருவாக்கிய மகாத்மா காந்தி கலாசாலை இங்கேதான் இருக்கிறது, 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தது. பேத்தியும் அங்கேதான் படிக்கப் போகிறாளாம். அப்புறம் தம்பி லாரியைக் கிளப்பினான், அண்ணி ஒரு தையல் போட்டார், நான் இதன் முதல் வரியை எழுதினேன். கத்திக்கு மட்டும் வேலை இல்லை.

அன்று மத்தியானம் சின்னம்மாவைக் குவாலா கங்சாருக்கு அழைத்துப் போனேன். பிரேசில் ரப்பர் விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, மலாயாவுக்கு 1877-இல் கன்றுகளாக வந்தது. அப்போது நட்டவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தை ஒட்டி இன்னும் நிற்கிறது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் சின்னம்மா அதைப் பார்த்ததில்லை.

வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்தார். உள்ளே அந்தத் துணி. கத்தியை வெளியே எடுக்கவில்லை, பைக்குள்ளேயே பிடியைப் பற்றிக்கொண்டார். மற்றக் கையின் விரலை நீட்டி, மரத்துக்கு நேரே காற்றில் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரு கோடு இழுத்தார்.

"இங்க ஆரம்பிச்சிருப்பா அம்மா" என்றார்.