லீட் சான்றுக்காக மரத்தரையின் ஆவணங்களைத் திரட்டிய அனுபவம்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தின் உள்ளலங்கார வேலை. லீட் என்ற அமெரிக்கப் பசுமைக் கட்டட மதிப்பீட்டு முறையின் 4.1 பதிப்பின்படி பசுமைச் சான்று வாங்க வேண்டும். உள்காற்றில் வாயுக்களைக் குறைவாக விடும் பொருட்களுக்கு அதில் தனிப் புள்ளிகள் உண்டு. அந்தப் பிரிவில் தரைக்கான ஆவணங்களைச் சேர்ப்பது என் பொறுப்பு.

கழிவறை செராமிக் டைலுக்குச் சோதனையே தேவையில்லை. கார்ப்பெட் கம்பெனி கேட்டவுடன் சான்றிதழை அனுப்பிவிட்டது. வரவேற்பறைக்கும் கூட்ட அறைகளுக்கும் தேர்ந்தெடுத்திருந்த ஓக் என்ஜினியர்டு மரப்பலகைதான் (மேலே ஓக் மரம், அடியில் பசையால் ஒட்டிய அடுக்குகள்) எங்களை அலைய வைத்தது.

டீலர் தந்த கோப்பில் எஃப்எஸ்சி சான்று இருந்தது, ஐரோப்பாவின் இ1 சான்று இருந்தது, கலிஃபோர்னியாவின் காற்று வாரியமான கார்ப் வகுத்த இரண்டாம் கட்டச் சான்றும் இருந்தது. "இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான், மூன்றும் அசல் சான்றுகள். ஆனால் எஃப்எஸ்சி பேசுவது மரம் வந்த காட்டைப் பற்றி. லீட்டில் அதற்கு வேறு பிரிவு இருக்கிறது. இ1, கார்ப் இரண்டும் அடுக்குகளை ஒட்டிய பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற கெடுதலான வாயுவை மட்டும் பார்ப்பவை. கார்ப் கணக்கில் பிளைவுட்டுக்கு 0.05 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு), மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃபுக்கு 0.11 பிபிஎம் வரை அனுமதி. லீட்டுக்கு இது போதாது. மேற்பூச்சு உட்பட முழுப் பலகையும் அறைக் காற்றில் எதையெல்லாம் எவ்வளவு கலக்கிறது என்று அது கேட்கிறது.

அதற்கான சோதனை முறையை வகுத்தது கலிஃபோர்னியா பொதுச் சுகாதாரத் துறை. லீட் 4.1 கேட்பது 2017இல் வந்த அதன் 1.2 பதிப்பு. பலகைத் துண்டை 10 நாள் பதப்படுத்தி, பிறகு 4 நாள் சோதனைப் பெட்டிக்குள் வைத்துக் காற்றை அளந்து, ஓர் அறையில் அது எவ்வளவு சேரும் என்று கணக்கிடுகிறார்கள். ஃபார்மால்டிஹைடு ஒரு கனமீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. இது வெறும் காகிதச் சடங்கு என்று சைட்டில் பலர் நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 2004லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. வெப்பமும் ஈரப்பதமும் ஏறினால் பசையிலிருந்து அது இன்னும் அதிகமாக வெளிவரும். இரவில் ஏசியை அணைத்துப் பூட்டிவைக்கும் சென்னை அலுவலகத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. காலையில் முதலில் உள்ளே வருகிறவர் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

சரி, சான்றுக்கு வருவோம். டீலரிடமிருந்து இறக்குமதியாளர், அவரிடமிருந்து ஆலை என்று மின்னஞ்சல் போனது. இந்தச் சோதனையில் தேறிய தரைப் பொருளுக்குத் தரும் ஃப்ளோர்ஸ்கோர் சான்று வந்தது. அது அதே ஆலையுடையதுதான், ஆனால் அரக்குப் பூச்சுப் பலகைக்கானது. நாங்கள் வாங்குவது எண்ணெய்ப் பூச்சு. மரம் ஒன்றாக இருந்தாலும் பூச்சு மாறினால் சோதனை முடிவும் மாறலாம். திரும்பக் கேட்டோம். சரியான சான்று வந்தபோது அதில் ஆலை வைத்த தொடர் பெயர் இருந்தது, எங்கள் பில்லில் டீலர் சூட்டிய பெயர் இருந்தது. இரண்டும் ஒரே பொருள்தான் என்று ஆலையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்தேன். பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் தடுக்கும் என்பது என் எண்ணம். அதோடு சோதனை முறையின் பதிப்பு, எந்த வகை அறைக்கான கணக்கு (அலுவலகமா, வகுப்பறையா), காற்றில் கலக்கும் கரிம ஆவிகளின் மொத்த அளவு கனமீட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழா மேலா என்ற மூன்றும் சான்றில் தெரிய வேண்டும். வாங்கிய தேதியில் சான்று காலாவதியாகாமல் இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

பலகையைச் சுற்றியுள்ளவற்றுக்குத் தனிக் கணக்கு. ஸ்கர்ட்டிங் தரையோடு சேரும். அடியில் போடும் பிளைவுட் தரையில் சேராது, பசையால் ஒட்டிச் செய்யும் பலகைகளுக்கான கூட்டு மரப் பிரிவுக்குப் போகும். அங்கே சாதாரண கார்ப் சான்று செல்லாது, ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பிசினோ மிகக் குறைவாக விடும் பிசினோதான் செல்லும். சைட்டில் தடவும் பசைக்கும் தனிப் பிரிவு.

ஒரு சிறு அறைக்கு மட்டும், இடித்த பழைய வீட்டிலிருந்து எடுத்த பர்மா தேக்குப் பலகைகள். ஓராண்டுக்கு மேல் பழைய மறுபயன்பாட்டுப் பொருள் என்பதால் அதற்குச் சோதனை கேட்கவில்லை. புதிதாக அடித்த பாலிஷுக்கு மட்டும் தாள் கொடுத்தோம். தரையில் 90 சதவீதம் தேறினால் போதும் என்று 4.1 சொல்கிறது, எங்களுக்கு அதற்கு மேலேயே வந்தது.

இப்போதெல்லாம் மாதிரித் துண்டு மேசைக்கு வரும்போதே அதன் உமிழ்வுச் சான்றையும் கேட்டுவிடுகிறேன். ஆர்க்கிடெக்ட் நிறத்தை முடிவு செய்து, டீலருக்கு முன்பணமும் போய்விட்டால், அப்புறம் பலகையை மாற்ற யாரும் சம்மதிப்பதில்லை.