கன்னியாவில் தொடங்கிய கேள்விகள்

2025 ஜூன் 14, சனி

திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் ஐவரும், அந்த ஏழு கிணறுகளின் நீர் ஏன் சுடுகிறது என்று விறாந்தையில் இருந்தபடியே என் தொலைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவிடம் கேட்டார்கள். வந்த விடையில் ‘புவிவெப்பச் சாய்வு’ என்ற சொல் மூன்று தடவை இருந்தது. விளங்கியதா என்றேன், ஐவரும் தலையாட்டினார்கள். பாடம் நடத்தும்போது என்னிடமும் இப்படித்தான் தலையாட்டுகிறார்களோ என்ற எண்ணம் இரவு முழுதும் என்னை உறுத்தியது.

ஜூன் 15, ஞாயிறு

‘விளங்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் அதே பாடம் இன்னும் நீண்டு வருகிறது. ஆகவே தாம் எந்தத் தரம், ஏற்கெனவே அறிந்தது எது, தடுக்கும் சொல் எது என்பவற்றையும் சேர்த்து எழுதச் சொன்னேன். மூத்தவள் இப்படி எழுதினாள்: “நான் தரம் 7. மழைநீர் நிலத்துக்குள் இறங்கும் என்று தெரியும். சாய்வு என்றால் எனக்குக் கூரைச் சாய்வுதான் தெரியும்.” ஆழம் கூடக்கூட, பொதுவாகக் கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை செல்சியசு வரை வெப்பநிலை ஏறும் என்றும், ஆழத்தில் சூடேறிய நீர் பாறை வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது என்றும் விடை வந்தது. “அப்ப இதுவும் கூரை மாதிரித்தான் டீச்சர், போகப்போக ஏறுது” என்றாள்.

ஜூன் 21, சனி

இளையவன் இன்னும் எளிதாகச் சொல்லக் கேட்டதற்கு, நிலத்தடியில் கேத்தல் கொதிப்பதுபோல என்று பதில் வந்தது. கேத்தல் என்றால் கீழே நெருப்பு வேண்டுமே, ஆகவே கன்னியாவுக்கு அடியில் எரிமலை இருக்கிறது என்று அவன் முடிவுகட்டிவிட்டான். இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை எதுவும் இல்லை. எளிமையைக் கேட்கப் பழக்கிய நான், அதன் எல்லையைக் கேட்கப் பழக்கவில்லை. அது என் தவறு. இனி ஒவ்வோர் உவமைக்கும் பின்னர் ‘இது எந்த இடத்தில் பொருந்தாது?’ என்று கேட்க வேண்டும் என்றேன். அவன் கேட்டான். அங்கே நெருப்பு இல்லை, பாறைகளிலுள்ள யுரேனியம், தோரியம் போன்றவை சிதைவதாலும் பூமிக்குள் வெப்பம் பிறக்கிறது என்ற விடையை அவன் இரண்டு தரம் உரக்க வாசித்தான்.

ஜூன் 28, சனி

நம் பாடநூலில் ‘ஒளித்தொகுப்பு’ என்றிருப்பது செயற்கை நுண்ணறிவின் விடையில் ‘ஒளிச்சேர்க்கை’ என்று வந்திருந்ததால், ஒருத்தி அவற்றை வெவ்வேறு செயல்கள் என்று எண்ணியிருந்தாள். இலங்கைப் பாடநூற் சொற்களில் விளக்கும்படி கேட்கச் சொன்னேன். அப்படியும் சொல் மாறிவிடுவதுண்டு என்பதால் பாடநூல் பக்கத்தில் திறந்தே இருக்க வேண்டும்.

பின்னர், இலைகளின் வழியே நீர் ஆவியாக வெளியேறுவதை நான் ‘ஆவியுயிர்ப்பு’ என்று சொன்னதும் இளையவன் மறித்தான்: “டீச்சர், அதை லேசாச் சொல்லுங்கோ.” முற்றத்துக் கொய்யாக் கிளை ஒன்றில் பொலித்தீன் பையைக் கட்டிவிட்டு வந்திருக்கிறோம், உள்ளே நீர்த்துளி பிடித்திருக்கிறதா என்று நாளை பார்ப்போம்.