எதிர்த்தவரே வாங்கிய ரயில்

சுவிஸ் ரயில் என்றால் எல்லோரும் நேரம் தவறாமையைத்தான் சொல்வார்கள், எனக்கு யோசெஃப் ட்செம்ப் ஞாபகம் வரும். லுட்செர்ன் மாநிலத்தில் என்ட்லெபூக் பகுதியில் 1834-இல் பிறந்த வக்கீல், கத்தோலிக்கப் பழமைவாதி.

அவருக்கு 13 வயதில், 1847-இல், லுட்செர்ன் உள்ளிட்ட கத்தோலிக்க மாநிலங்கள் உள்நாட்டுப் போரில் தோற்றன. 1848 முதல் 43 வருஷம், ஏழு பேர் கொண்ட மத்திய அமைச்சரவையில் தோற்ற தரப்பிலிருந்து ஒருத்தர்கூடக் கிடையாது. சரி, உள்ளே விடவில்லை என்றால் வெளியிலிருந்து என்ன செய்வது? 1874 அரசியல் சட்டப்படி 30,000 கையெழுத்து வாங்கினால் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை மக்கள் வாக்குக்குக் கொண்டுபோகலாம். பழமைவாதிகள் அதை வைத்தே பல சட்டங்களைக் கவிழ்த்தார்கள். ஒரு தனியார் ரயில் கம்பெனியை அரசு வாங்கும் திட்டமும் 1891 டிசம்பர் 6 அன்று மக்கள் வாக்கில் விழ, அமைச்சர் எமில் வெல்ட்டி பதவி விலகினார். பதினோரு நாள் கழித்து அந்த இடத்துக்கு வந்தவர் ட்செம்ப், அதுவும் ரயில்வே துறைக்கே. அந்தத் திட்டத்தை எதிர்த்த மனிதர் அவர்!

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கம்பெனிகளோடு பேரம் பேசப் போகாமல், ரயில் ஓட்ட அவற்றுக்குக் கொடுத்திருந்த உரிமப் பத்திரங்களைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பத்து வருஷச் சராசரி நிகர லாபத்தைப்போல் 25 மடங்கு கொடுத்தால் அரசு ரயிலை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. ஆனால் எது நிகர லாபம்? தேயும் தண்டவாளத்துக்கும் எஞ்சினுக்கும் ஒதுக்கவேண்டிய பணத்தை ஒதுக்காமல் விட்டால் லாபம் உப்பிவிடும், சராசரியில் ஒரு ஃபிராங்க் ஏறினால் விலையில் 25 ஃபிராங்க் ஏறும். அதனால் முதலில் கணக்கு எப்படி எழுதவேண்டும் என்று ஒரு சட்டம். அதையும் எதிர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள், 1896 அக்டோபரில் மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பத்திரத்தை வரி வரியாகப் படித்துப் பழகிய வக்கீல் புத்தி இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முழு தேசியமயத் திட்டம் 1898 பிப்ரவரி 20 அன்று வாக்குக்கு வந்தது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு. பழைய நிலைப்பாட்டைக் கட்டிக்கொண்டு அழாமல், பொறுப்பு கைக்கு வந்ததும் வேலையை முழுசாக முடித்த அந்தக் குணத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

1902 ஜனவரி 1 அன்று கூட்டாட்சி ரயில்வே ஓடத் தொடங்கியபோது, இரண்டாவது முறையாக நாட்டின் தலைவர் பதவியில் இருந்தவர் ட்செம்ப்.