ஸ்டார்ட்டர் பெரியப்பா வீட்டில்

பிறந்த அன்றே மகளின் வலது கையைப் பிரித்துப் பார்த்த அத்தை, "அப்படியே எங்கண்ணன் கை" என்றார். கட்டைவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல், நகத்தோடு. அப்பாவுக்கு இன்றும் இருக்கிறது. எனக்கு ஒன்றரை வயதில் எடுத்துவிட்டார்கள். அரிசி நீளத்துக்கு ஒரு தழும்புதான் மிச்சம். அப்பாவுடையது ராசிக் கை. தெருவில் யார் கடை திறந்தாலும் முதல் போணிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஜீன்ல ஏதோ கோளாறு" என்று மாமனார் வீட்டில் யாரோ சொன்னார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவன் நான், பொறுக்குமா?

கருவில் கை முளைக்கும்போது வேலை செய்யும் ஜீனுக்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று பெயர். வீடியோ கேம் முள்ளெலியின் பெயர்தான். வைத்தவர்களுக்குக் குறும்பு அதிகம். சுண்டுவிரல் வரவேண்டிய ஓரத்தில் மட்டும் அதன் புரதம் சுரந்து பரவும். கட்டைவிரல் பக்கம் அது இருக்கவே கூடாது. அங்கேயும் கொஞ்சம் சுரந்தால் ஒரு விரல் கூடுதல்.

எங்கே சுரக்கவேண்டும் என்று சொல்வது ஜீன் இல்லை. அதே ஏழாவது குரோமோசோமில், ஏறக்குறைய 10 லட்சம் டிஎன்ஏ எழுத்து தள்ளி, எல்எம்பிஆர்1 என்ற வேறொரு ஜீனுக்குள் உட்கார்ந்திருக்கும் 800 எழுத்துத் துண்டு. இசட்ஆர்எஸ் என்பார்கள். எங்கள் ஊர்க் கூட்டுக் கிணற்றில் மோட்டார் ஓரிடம், ஸ்டார்ட்டர் பெரியப்பா வீட்டுச் சுவரில். அதே கதை. அத்தனை தூரத்திலிருந்து எப்படி எட்டுகிறது? கொசுவம் வைத்த புடவையில் முழக்கணக்கில் தள்ளியிருக்கும் இரண்டு இடம் ஒன்றையொன்று தொடுகிறதே, டிஎன்ஏவும் அப்படி மடிந்துகொள்கிறது.

இப்படிப் பரம்பரையாகக் கட்டைவிரல் பக்கம் விரல் வரும் பல குடும்பங்களில் மாறியிருந்தது இந்தத் துண்டில் ஒரே ஓர் எழுத்து. ஜீன் சுத்தமாக இருந்தது. ஜீனே கெட்டிருந்தால் நிலைமை வேறு. மூளை இரண்டு பாதியாகப் பிரியாமல் போகலாம். மூளைக்கு, முதுகுத்தண்டுக்கு, கைக்கு என்று இடத்துக்கு ஒரு ஸ்டார்ட்டர் இருப்பதால், கையின் ஸ்டார்ட்டர் பிசகினால் கை மட்டும் மாறுகிறது.

பாம்புதான் எனக்கு ரொம்பப் பிடித்த சாட்சி. 2016இல் எலியின் இசட்ஆர்எஸ்ஸை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தார்கள். கால்கள் குட்டையாக நின்றுவிட்டன. மலைப்பாம்பின் துண்டில் தொலைந்துபோயிருந்த 17 எழுத்தைத் திரும்பச் சேர்த்து வைத்தார்கள். கால் முழுசாக வளர்ந்தது!

எங்கள் வீட்டு எழுத்தை யாரும் படித்துப் பார்க்கவில்லை. டாக்டர், ஒரு வயசு ஆகட்டும், எடுத்துவிடலாம் என்கிறார். அத்தை கூடவே கூடாது என்கிறார்.

நேற்று அப்பா அவளைக் கடைக்குத் தூக்கிப் போனார். அந்த இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே பத்து ரூபாய் நோட்டைச் செருகி, அவளிடமிருந்தே வாங்கிக் கண்ணில் ஒற்றி, கல்லாவில் போட்டுக்கொண்டார்.